கம்பியில் வளைத்த கோடுகள்: முப்பரிமாண வளைகோடுகளை வரைவது பற்றி

ஒரு வளைகோட்டைத் தாளில் வரையப் பள்ளியிலேயே சொல்லித் தந்துவிடுகிறார்கள். கிடை அச்சு ஒன்று, நெடு அச்சு ஒன்று, இரண்டு எண்களுக்கு ஒரு புள்ளி, புள்ளிகளைச் சேர்த்தால் கோடு. மூன்றாவதாக ஓர் எண் வந்து சேரும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. தாளுக்கு நீளம் உண்டு, அகலம் உண்டு, ஆழம் கிடையாது. கணினித் திரைக்கும் அதே கதிதான். க்னூபிளாட், மேட்லாப், மேட்பிளாட்லிப் என்று எந்த மென்பொருளை எடுத்தாலும் முப்பரிமாணக் கோடு வரைய ஒரே ஒரு கட்டளை போதும். கோப்பில் மூன்று நெடுவரிசை எண்களை வைத்துக் கட்டளையைக் கொடுத்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் படம் வந்து நிற்கும். வந்து நிற்பது அந்த வளைகோடு அல்ல, அதன் நிழல். நிழலைப் பார்த்துப் பொருளைச் சொல்வது எப்படி என்பதுதான் இக்கட்டுரையின் விஷயம்.

உதாரணத்துக்கு நான் இருக்கும் ஊரையே எடுத்துக்கொள்கிறேன். ஆஸ்லோவின் தென்கோடியில் பியோர்ண்டால் என்ற குடியிருப்புப் பகுதியில் வசிக்கிறேன். துருவ ஒளி பார்க்கவென்று ஊரிலிருந்து வருகிற நண்பர்கள் முதலில் இங்கே வந்துவிட்டு ஏமாந்து போவார்கள். அதற்கு இன்னும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வடக்கே டிரோம்சோ வரை போகவேண்டும். பெரும் சூரியப்புயல் அடிக்கிற சில இரவுகளில் மட்டும் இங்கேயும் வானத்தின் வடக்கு ஓரம் பச்சையாகும். ஏன் வடக்கே மட்டும்? ஏன் திருநெல்வேலியில் தெரிவதில்லை? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டவர்தான் பெரிய முப்பரிமாணக் கோட்டுப்பட வேலை ஒன்றைக் கையாலேயே செய்து முடித்தார். கணினி கிடையாது. பென்சிலும் மடக்கை அட்டவணையும் வைத்துக்கொண்டு செய்தார். திரை இல்லாததால் கோடுகளைக் கம்பியில் வளைத்துக் காட்டினார்.

அவர் பெயர் கார்ல் ஸ்டோர்மர் (1874-1957). 1903இல் கிறிஸ்டியானியா பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியரானார். ஆஸ்லோவுக்கு அப்போது கிறிஸ்டியானியா என்று பெயர். மாணவராக இருந்த காலத்தில், 1890களில், சட்டைக்குள் ஒரு சிறு கேமராவை ஒளித்து, பித்தான் துளை வழியாக அதன் கண்ணை நீட்டி, கார்ல் யோஹான் வீதியில் நடந்துபோனவர்களை அவர்களுக்கே தெரியாமல் படம் பிடித்தவர் என்பது ஒரு சுவையான உபகதை. நாடகாசிரியர் இப்சன்கூட அந்தப் படங்களில் இருக்கிறார். பின்னாளில் அதே மனிதர் துருவ ஒளியைப் படம் பிடிக்க ஆரம்பித்து, இரண்டு ஊர்களிலிருந்து தொலைபேசியில் பேசிக்கொண்டே ஒரே கணத்தில் எடுத்த படங்களை நட்சத்திரப் பின்னணியோடு ஒப்பிட்டு, ஒளியின் கீழ்விளிம்பு தரையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதை அளந்து காட்டினார். படமெடுப்பதும் கணக்குப்போடுவதும் அவருக்கு ஒரே வேலையின் இரு கைகள்.

அதே பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர் கிறிஸ்டியான் பிர்க்கலாந்து. 1994 முதல் 2017 வரை வெளியான நார்வேயின் 200 குரோன் நோட்டில் முகம் காட்டியவர் இவர்தான். 2017இல் வந்த புதிய நோட்டில் அவரிடத்தை ஒரு காட் மீன் பிடித்துக்கொண்டது. பிர்க்கலாந்து ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, நடுவே காந்தம் பொதிந்த ஓர் உருண்டையை வைத்து, அதன்மேல் கேத்தோடு கதிர்களைப் பாய்ச்சினார். உருண்டைக்கு 'டெரெல்லா' என்று பெயர், குட்டிப் பூமி என்று பொருள். கதிர்கள் உருண்டை முழுவதும் விழவில்லை. இரு துருவங்களையும் சுற்றி வளையமாக விழுந்து ஒளிர்ந்தன. சூரியனிலிருந்து மின்னூட்டத் துகள்கள் வருகின்றன, பூமியின் காந்தம் அவற்றைத் துருவப்பக்கம் வளைத்துவிடுகிறது, துருவ ஒளி அதுதான் என்றார் பிர்க்கலாந்து. இந்தச் சோதனையைப் பார்த்த ஸ்டோர்மருக்கு ஒரு கணிதக் கேள்வி எழுந்தது: ஒரு காந்தத்தை நோக்கி வெகுதூரத்திலிருந்து வரும் ஒரே ஒரு மின்துகள் எந்தப் பாதையில் போகும்?

கேள்வி சிறியது. சமன்பாட்டை எழுதுவதும் எளிது. ஆனால் விடையை ஒரு சூத்திரமாக எழுத முடியாது. ஒவ்வோர் அடியாக நகர்த்தி நகர்த்தித்தான் பாதையைக் கண்டுபிடிக்கவேண்டும். 1907இல் ஜெனிவாவிலிருந்து வந்த ஆய்விதழில் ஸ்டோர்மர் தன் கணக்கின் அளவைச் சொல்கிறார்: 120க்கும் மேற்பட்ட பாதைகள், 4500 மணி நேரத்துக்கும் மேலான உழைப்பு. நன்கு கை பழகியபின் ஒருவரால் மணிக்கு மூன்று புள்ளிகள் வரை கணக்கிட முடிந்தது. மணிக்கு மூன்று! இந்த எண்ணை நான் பல நாள் மறக்கவில்லை. ஒரு புள்ளிக்கு இருபது நிமிடம் செலவழித்தவர் அந்தப் புள்ளிகளைச் சேர்த்து இழுக்கும் கோட்டை எவ்வளவு யோசித்து இழுத்திருப்பார்!

அவருடைய முறை என்ன என்று சற்றுப் பார்ப்போம். காந்தத்தின் அச்சைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் காந்தப்புலம் ஒரே மாதிரி இருக்கிறது. இந்தச் சமச்சீரைப் பயன்படுத்தி அவர் மூன்று பரிமாணக் கணக்கை இரண்டாகச் சுருக்கினார்: அச்சிலிருந்து துகள் எவ்வளவு தூரம், நடுக்கோட்டுத் தளத்திலிருந்து எவ்வளவு உயரம் என்ற இரண்டு எண்கள் மட்டும். அச்சைச் சுற்றி எவ்வளவு திரும்பியிருக்கிறது என்ற கோணத்தைக் கடைசியில் தனியே கண்டுகொள்ளலாம். அப்படிச் சுருக்கியதில் இன்னொரு லாபமும் உண்டு. காந்தவிசை துகளின் வேகத்தைச் சார்ந்தது. ஆனால் சுருக்கிய கணக்கில் முடுக்கம் இருப்பிடத்தை மட்டும் சார்ந்திருக்கிறது. அதனால் மிக எளிய ஒரு விதி போதுமானதாகிறது: அடுத்த இடம் என்பது இப்போதைய இடத்தின் இருமடங்கிலிருந்து முந்தைய இடத்தைக் கழித்து, முடுக்கத்தைக் கால அடியின் வர்க்கத்தால் பெருக்கிக் கூட்டியது. இதன்மேல் சில திருத்த உறுப்புகளைச் சேர்த்துத் துல்லியத்தைக் கூட்டினார். அறுபது ஆண்டுகள் கழித்து, 1967இல், லூப் வெர்லே என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் 864 ஆர்கான் அணுக்களின் அசைவைக் கணினியில் பின்தொடர இதே விதியின் எளிய வடிவத்தைக் கையாண்டார். இன்று புரதங்களின் அசைவைக் கணிக்கும் நிரல்களிலும், கணினி விளையாட்டில் துணி பறக்கிற காட்சியிலும் ஓடுவது அதன் வாரிசுகள்தாம். ஸ்டோர்மர்-வெர்லே முறை என்றே பெயர்.

சரி, எண்கள் வந்துவிட்டன. எப்படிக் காட்டுவது? மேலிருந்து பார்த்தால் ஒரு படம், பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு படம் என்று கட்டட வரைபடம் போலப் போடலாம். அதையும் அவர் செய்தார். ஆனால் இந்தப் பாதைகள் வீடு போல நேர்க்கோட்டில் நிற்பவை அல்ல. தூரத்திலிருந்து வரும், வளையும், காந்தத்தை ஒருமுறை சுற்றும், துருவப்பக்கம் பாயும் அல்லது திரும்பிப் போய்விடும். இரண்டு தட்டைப் படங்களை மனத்தில் ஒட்டிப் பார்ப்பது கணிதப் பேராசிரியருக்கே கடினம், மற்றவர்கள் என்ன செய்வார்கள்? ஆகவே கம்பியை வளைத்து மாதிரிகள் செய்தார். நடுவே ஓர் உருண்டை, அதை நோக்கி வந்து விழும் கம்பிகள். அந்த மாதிரிகளின் புகைப்படங்கள் அவருடைய நூல்களில் இருக்கின்றன.

கம்பி மாதிரியில் என்ன இருக்கிறது, திரையில் என்ன இல்லை என்பதைத் தெரிந்துகொள்ள நானே ஒன்று செய்து பார்த்தேன். மேற்பார்வைப் படத்தையும் பக்கப்பார்வைப் படத்தையும் ஒரே அளவில் அச்சடித்து, மெல்லிய கட்டுக்கம்பியை முதல் படத்தின்மேல் வைத்து வளைத்து, இரண்டாவதைப் பார்த்து மேலும் கீழும் தூக்கித் தாழ்த்தினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்கப் போயிற்று, விரல்களும் சிவந்தன. ஆனால் மேசைமேல் நிறுத்திவிட்டுத் தலையைச் சற்றே இப்படியும் அப்படியும் அசைத்தால் போதும். எந்த வளைவு முன்னே, எது பின்னே என்று கேள்வியே எழுவதில்லை. இரண்டு கண்களும் தலையசைவும் ஆழத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. திரைப்படத்தில் இந்த இரண்டுமே பறிபோகின்றன. அதை ஏதாவது ஒரு வழியில் ஈடுகட்டாமல் கோட்டை மட்டும் வரைந்து வைத்தால் பார்ப்பவர் தன் விருப்பப்படி ஆழத்தைக் கற்பனை செய்துகொள்வார்.

இது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. ஒரு சுருள் கம்பியை, ஸ்பிரிங்கை, நினைத்துக்கொள்ளுங்கள். தொலைவுக்கேற்பச் சிறுக்காத நேர்வீழ்படத்தில் அதை மெல்லிய கோடாக வரைந்தால், அது வலப்புரியா இடப்புரியா என்று அந்தப் படத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. இரண்டுக்கும் படம் ஒன்றேதான். உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் சட்டென்று ஒன்று மற்றொன்றாக மாறிவிடும். ஆனால் காந்தப்புலத்தில் புரோட்டான் ஒரு பக்கமும் எலெக்ட்ரான் எதிர்ப்பக்கமும் சுழலும். ஆகவே நீங்கள் வரைந்த படம் துகளின் மின்னூட்டம் நேரா எதிரா என்ற அடிப்படைச் செய்தியையே விழுங்கிவிடுகிறது.

பரிகாரங்கள் பல உண்டு. முதலாவதும் சிறந்ததும், படத்தைச் சுழற்றுவது. எலியால் பிடித்துச் சற்று அசைத்தாலே கம்பி மாதிரியின் முன் தலையசைத்ததற்குச் சமம். அச்சில் போகும் படத்துக்கு அது உதவாது. அங்கே கோட்டைக் குழாயாக்கி, ஒளியும் நிழலும் விழச் செய்தால் குறுக்கே வரும் இடங்களில் எது மேலே போகிறது என்று தெரியும். கீழ்த்தளத்தில் கோட்டின் நிழலை வெளிர்நிறத்தில் வரைவது இன்னொரு வழி. எனக்குப் பிடித்தது இதுதான், செலவும் குறைவு: மூன்றாவது எண்ணுக்குப் பதில் ஒரே மாறிலியைக் கொடுத்து அதே கோப்பை இரண்டாம் முறை வரையச் சொன்னால் ஆயிற்று. தொலைவில் உள்ள பகுதிகளை மங்கலாக்குவதும் நல்ல உத்தி, காலை மூடுபனியில் தூரத்து மலை வெளுத்துத் தெரிகிற மாதிரி.

அச்சுகளின் அளவு பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான மென்பொருள்கள் ஒவ்வோர் அச்சையும் தனித்தனியே இழுத்தோ சுருக்கியோ பெட்டிக்குள் அடக்கிவிடும். விளைவு, பூமி முட்டையாகும், வட்டம் நீள்வட்டமாகும். க்னூபிளாட்டில் மூன்று அச்சுக்கும் சம அளவு கேட்கத் தனிக் கட்டளை உண்டு. மேட்பிளாட்லிப்பிலும் பெட்டியின் விகிதத்தைச் சொல்லலாம். இடத்தைக் காட்டும் வளைகோட்டுக்கு இதைச் செய்யாமல் விடக்கூடாது.

க்னூபிளாட்டைப் புதிதாகப் பிடிப்பவர்கள் எல்லாரும் ஒருமுறை விழும் குழி ஒன்று இருக்கிறது. பல பாதைகளை ஒரே கோப்பில் எழுதி, ஒரு பாதைக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு வெற்றுவரி விடுவது இயல்பு. இரு பரிமாணப் படத்தில் இது சரியாக வேலை செய்யும். முப்பரிமாணக் கட்டளையில், எல்லாப் பாதைகளிலும் புள்ளிகளின் எண்ணிக்கை ஒன்றாக இருந்துவிட்டால், மென்பொருள் இதை ஒரு பரப்பு என்று எடுத்துக்கொள்ளும். முதல் பாதையின் பத்தாம் புள்ளியையும் இரண்டாம் பாதையின் பத்தாம் புள்ளியையும் குறுக்கே கோடு போட்டு இணைத்துவிடும். இல்லாத பாதைகள் படத்தில் முளைக்கும். ஒவ்வொரு பாதையையும் தனிக் கோப்பில் எழுதுவது இதற்கு எளிய தீர்வு. அல்லது இரண்டு வெற்றுவரி விட்டு, வரிசை எண் சொல்லி ஒவ்வொன்றாக அழைக்கலாம்.

இதன் பின்னே ஒரு கருத்து இருக்கிறது. புள்ளிகள் வேறு, இணைப்பு வேறு. கோப்பில் இருப்பவை புள்ளிகள் மட்டுமே. எதை எதோடு சேர்ப்பது என்பது நாம் சொல்லும் கூடுதல் செய்தி. விடிகே என்ற கட்டற்ற மென்பொருள் நூலகம் (1993இல் தொடங்கியது, பாராவியூ அதன்மேல் கட்டப்பட்டது) இதை வெளிப்படையாகவே வைத்திருக்கிறது. அங்கே புள்ளிப் பட்டியல் தனி, அவற்றைக் கோர்க்கும் பட்டியல் தனி. எண் கோப்பை உள்ளே இழுத்ததும் புள்ளிக்கூட்டம்தான் வரும், கோடு வராது. கோர்க்கும் வரிசையை நாமே கொடுக்கவேண்டும். ஆரம்பத்தில் இது எரிச்சலூட்டும். பழகியபின், ஒரு கோட்டை இழுக்கும்போது நாம் என்ன உரிமை கோருகிறோம் என்று ஒவ்வொரு முறையும் கேட்க வைக்கிற நல்ல ஆசிரியராகத் தோன்றுகிறது. பொருள்களின் முன்-பின் வரிசையையும் விடிகே ஒவ்வொரு திரைப்புள்ளிக்கும் தனித்தனியே பார்க்கும். மேட்பிளாட்லிப் அப்படி அல்ல. அது அடிப்படையில் தட்டைப்படம் வரையும் கருவி. பூமிக்குப் பின்னால் போகவேண்டிய கோடு அங்கே பூமியின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அவசரத்துக்கு மேட்பிளாட்லிப், உருண்டையைச் சுற்றும் கோட்டுக்குப் பாராவியூ என்பது என் வழக்கம்.

இந்த 'உரிமை கோரல்' எவ்வளவு தீவிரமான விஷயம் என்பதற்கு நார்வேயின் இன்னொரு தொழிலைச் சொல்லலாம். வடகடலில் எண்ணெய்க் கிணறுகள் நேர்கீழே போவதில்லை. சாய்ந்து, வளைந்து, கிடையாக மைல்கணக்கில் ஓடுகின்றன. துளைக்கருவி ஏறக்குறைய முப்பது மீட்டருக்கு ஒருமுறை தன் சாய்வையும் திசையையும் அளந்து மேலே அனுப்பும். அந்த இரு கோணங்களும் துளையின் நீளமும் மட்டுமே தெரிந்த செய்தி. நடுவே கிணறு ஒரு வட்டவில்லாகப் போனதென்று வைத்துக்கொண்டு கோட்டை வரைவார்கள். அந்தக் கோடு உண்மையல்ல, நியாயமான ஊகம். ஒவ்வோர் அளவையின் சிறு பிழையும் கூடிக்கொண்டே போவதால், கிணற்றின் நுனி இருப்பது ஒரு புள்ளியில் அல்ல, ஒரு நீள்கோளத்துக்குள் எங்கோ. பழைய கிணறுகள் நெருங்கிக் கிடக்கும் இடத்தில் புதிதாகத் துளைக்கும்போது மெல்லிய கோடுகளை நம்பிப் போனால் ஒன்று மற்றொன்றின்மேல் மோதும். அதனால் கோட்டைச் சுற்றி அந்தச் சந்தேகத்தின் தடிமனையும் சேர்த்தே வரைகிறார்கள். குழாய் வரைவது அங்கே அழகுக்காக அல்ல.

ஸ்டோர்மரின் பாதைகளுக்கு வருவோம். பூமியின் நடுக்கோட்டுக்கு நேர்மேலே, பூமியின் மையத்திலிருந்து இரண்டு பூமி ஆரத் தொலைவில், பத்து மில்லியன் எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள ஒரு புரோட்டானைச் சாய்வாக விட்டுப் பார்க்கலாம். காந்தப்புலக் கோட்டைச் சுற்றி நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் ஆரத்தில் சுருண்டுகொண்டே போகும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 0.017 நொடி. துருவப்பக்கம் போகப்போகப் புலம் வலுத்து, சுருள் இறுகி, ஓரிடத்தில் நின்று திரும்பி எதிர்த்துருவம் நோக்கி ஓடும். போய்வர ஒரு நொடிதான். இப்படி ஊஞ்சலாடிக்கொண்டே மெல்ல மேற்குப்பக்கம் நகர்ந்து, இரண்டரை நிமிடம்போல் ஆகும்போது பூமியையே ஒரு சுற்றுச் சுற்றிவிடும். அதற்குள் எட்டாயிரத்துக்கு மேற்பட்ட சிறு சுற்றுகள். சுற்றுக்கு ஐம்பது அடி வைத்தாலும் நாலு லட்சம் புள்ளிகள். மணிக்கு மூன்று என்ற கணக்கில் இரவுபகல் பாராமல் உழைத்தாலும் பதினைந்து ஆண்டு ஆகும். மடிக்கணினிக்குச் சில நொடி வேலை. ஸ்டோர்மர் எடுத்துக்கொண்டவை பெரும்பாலும் தூரத்திலிருந்து வந்து விழும் பாதைகள், அவற்றில் இத்தனை சுற்று கிடையாது என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

நாலு லட்சம் புள்ளிகள் எதற்கு, ஐம்பதுக்கு ஒன்று போதுமே என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. ஒரு சுற்றுக்கு ஒரு புள்ளி என்று எடுத்துக் கோர்த்தால் சுருளே மறைந்துபோய், அகன்ற ஒரு மெல்லிய வளைவு கிடைக்கும். சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவதாகத் தெரிகிறதே, அதே மாயம். படம் வழவழப்பாக, நம்பும்படியாக இருக்கும். அப்படி ஒரு பாதையில் எந்தப் புரோட்டானும் போவதில்லை. ஒரு சுற்றுக்கு இருபது புள்ளியாவது இல்லாமல் கோடு போடக்கூடாது என்பது என் கைக்கணக்கு. முழுப்பாதையையும் வரைந்தால் திரை இடியாப்பமாகிவிடும் என்றால், சில ஊஞ்சல்களை மட்டும் முழுமையாக வரைந்து காட்டுவது மேல்.

கோட்டுக்கு நிறம் கொடுப்பதை அலங்காரமாக நினைப்பவர்கள் உண்டு. காந்தவிசை துகளின் திசையை மாற்றுமே தவிர வேகத்தை மாற்றாது. ஆகவே வேகத்தின் அளவை நிறமாகக் கொடுத்துக் கோட்டை வரைந்தால், தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே நிறம் இருக்கவேண்டும். எங்காவது நிறம் மாறினால் கணக்கில் பிசகு. பெரும்பாலும் துருவத்தருகே, அடி பெரிதாகிவிட்ட இடத்தில். எண்களின் பட்டியலில் மணிக்கணக்கில் தேடினாலும் கிடைக்காததை அந்த நிறமாற்றம் ஒரு பார்வையில் காட்டிவிடும். இதற்குத் தொகையிடும் முறையும் முக்கியம். வேகத்தைச் சார்ந்த விசைக்கு ஸ்டோர்மரின் எளிய விதி நேரடியாகச் செல்லாது. முப்பரிமாணத்திலேயே கணக்கிடுபவர்கள் 1970இல் ஜே போரிஸ் தந்த முறையை எடுத்துக்கொள்கிறார்கள். தூய காந்தப்புலத்தில் அது வேகத்தின் அளவை மாறாமல் காப்பாற்றும். அப்போது நிறச் சோதனை வேலைக்கு ஆகாது. அச்சைச் சுற்றிய கோண உந்தத்தை நிறமாக்கிப் பார்க்கவேண்டும். சுருக்குவதற்கு ஸ்டோர்மர் பயன்படுத்திய மாறா எண் அதுதான்.

இனி, இந்த உழைப்பெல்லாம் துருவ ஒளியை விளக்கியதா என்று கேட்டால், இல்லை என்றே சொல்லவேண்டும். கணக்கு சரி, கோடுகள் சரி, கம்பிகளும் சரி. ஆனால் ஒற்றைத் துகளின் பாதைப்படி ஒளிவளையம் காந்தத்துருவத்துக்கு மிக அருகே விழவேண்டும். உண்மையில் அது 20 பாகைக்கும் மேல் தள்ளி இருக்கிறது. இதைச் சரிக்கட்ட, பூமியைச் சுற்றி ஒரு பெரிய வளைய மின்னோட்டம் இருக்கலாம் என்று ஸ்டோர்மர் ஊகித்தார். ஒரே மின்னூட்டம் கொண்ட துகள்கள் கற்றையாக வந்தால் ஒன்றையொன்று தள்ளிச் சிதறிவிடுமே என்று ஆர்தர் ஷூஸ்டர் 1911இல் எதிர்ப்புச் சொன்னார். துருவ ஒளியை உண்டாக்கும் எலெக்ட்ரான்கள் சூரியனிலிருந்து நேராக வந்து விழுபவை அல்ல, பூமியின் காந்தமண்டலத்துக்குள்ளேயே வேகமூட்டப்பட்டுப் புலக்கோடுகள் வழியே இறங்குபவை என்பது பிறகு தெரியவந்தது. புலக்கோடு வழியே மின்னோட்டம் பாய்கிறது என்று பிர்க்கலாந்து சொன்னதை 1960, 70களில் செயற்கைக்கோள்கள் உறுதிசெய்தன.

ஆனால் ஸ்டோர்மரின் கோடுகள் வீணாகவில்லை, வேறு கேள்விக்கு விடையாயின. தன் கணக்கில் அவர் சில இடங்களைக் கண்டிருந்தார்: வெளியிலிருந்து எந்தத் துகளும் நுழைய முடியாத, உள்ளே இருப்பது வெளியே போகவும் முடியாத பகுதிகள். காகிதத்தில் மட்டும் இருந்த ஒரு விநோதம் அது. 1958இல் எக்ஸ்புளோரர் செயற்கைக்கோள்களின் கருவிகளை வைத்து ஜேம்ஸ் வான் ஆலன் பூமியைச் சுற்றிய கதிர்வீச்சுப் பட்டைகளைக் கண்டுபிடித்தபோது, துகள்கள் சிறைப்பட்டுச் சுழல்வது அந்த இடத்தில்தான் என்று புரிந்தது. மேலே நான் விட்ட புரோட்டான் ஓடுவதும் அந்தச் சிறைக்குள்தான். ஸ்டோர்மர் 1957 ஆகஸ்டில் காலமாகிவிட்டிருந்தார்.

இன்னொரு பயன் நம் ஊர்ப்பக்கம் வருகிறது. 1927இல் யாக்கோப் கிளே என்ற டச்சு இயற்பியலாளர் ஜாவாவிலிருந்து ஹாலந்துக்குக் கப்பலில் போகும்போது கூடவே ஓர் அளவி கொண்டுபோனார். நிலநடுக்கோட்டை நெருங்கும்போது காஸ்மிக் கதிர்கள் குறைகின்றன என்று கண்டார். காரணம் ஸ்டோர்மரின் கோடுகளில் இருக்கிறது. துகளின் உந்தத்தை மின்னூட்டத்தால் வகுத்தால் வரும் எண்ணுக்கு ரிஜிடிட்டி என்று பெயர், வளைக்க எவ்வளவு மறுக்கிறது என்பதன் அளவு. ஒவ்வோர் ஊருக்கும் ஒரு வாசல்படி உயரம் உண்டு. அதற்குக் குறைந்த ரிஜிடிட்டி உள்ள துகள் அந்த ஊர் வானத்துக்குள் நேர்மேலிருந்து நுழைய முடியாது. காந்த அட்சரேகையின் கோசைனை நான்காம் அடுக்குக்கு உயர்த்தி ஏறத்தாழ 15ஆல் பெருக்கினால் ஜிகாவோல்ட்டில் அந்த உயரம் கிடைக்கும். ஆஸ்லோவுக்கு அது ஒன்றுக்குப் பக்கத்தில் வரும். ஊட்டிக்குப் போட்டால் 15 வரும். பூமியின் காந்தம் சரியாக நடுவில் அமைந்த இருமுனைக் காந்தம் அல்ல என்பதால் அங்கே உண்மையான எண் சுமார் 17. உலகிலேயே மிக உயர்ந்த வாசல்படிகளில் ஒன்று. ஊட்டியில் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. 2015 ஜூன் 22 அன்று ஒரு சூரியப்புயல் பூமியைத் தாக்கியபோது இரண்டு மணி நேரம் அங்கே மியூவான்களின் எண்ணிக்கை சட்டென்று கூடியது. பூமியின் காந்தக் கவசம் சற்று நேரம் தளர்ந்து, வாசல்படி தாழ்ந்தது என்று அக்குழுவினர் 2016இல் வெளியிட்டார்கள்.

அத்தகைய முடிவுகளுக்கு வர உதவுவது இதே கோடு வரையும் வேலைதான், தலைகீழாக. ஊட்டிக்கு மேலே வந்து விழும் புரோட்டான் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று அறிய, அங்கிருந்து ஓர் எதிர்ப்புரோட்டானை வெளியே அனுப்பிக் கணக்கிடுவார்கள். மின்னூட்டமும் திசையும் இரண்டுமே புரண்டுவிட்டதால் அது வந்த வழியையே திருப்பி நடக்கும். காந்தமண்டலத்தைத் தாண்டி வெளியேறிவிட்டால் அந்தப் பாதை திறந்தது. சுற்றிச் சுற்றிப் பூமியிலேயே வந்து மோதினால் அடைபட்டது.

வீட்டிலிருந்தே இதைச் செய்து பார்க்கலாம். எளிய இருமுனைப் புலமே போதும். ஊட்டியின் அட்சரேகையில் தொடங்கி, ரிஜிடிட்டியை 10 ஜிகாவோல்ட்டிலிருந்து சிறுசிறு அளவாகக் கூட்டி, ஒவ்வொன்றையும் தனிக் கோடாக வரையுங்கள். திறந்தவை ஒரு நிறம், அடைபட்டவை ஒரு நிறம். வாசல்படிக்கு நன்றாகக் கீழே எல்லாம் உள்ளேயே வளைந்து விழும், நன்றாக மேலே எல்லாம் அகன்ற ஒரே வளைவாக வெளியேறும். நேர்மேலே மட்டும் அனுப்பாமல் கிழக்கும் மேற்கும் சாய்த்துப் பார்த்தால் மேற்குப்பக்கத்துப் பாதைகள் முன்னதாகவே திறப்பதையும் காணலாம். 1933இல் மெக்சிகோ நகரில் மேற்கிலிருந்து அதிகக் கதிர்கள் வருவதை அளந்துதான், காஸ்மிக் கதிர்களில் பெரும்பாலானவை நேர்மின்னூட்டம் கொண்டவை என்று தெரிந்துகொண்டார்கள்.

திறந்ததற்கும் அடைபட்டதற்கும் நடுவே ஒரு குறுகிய பட்டை வரும். அதற்குள் இரண்டு நிறங்களும் கலந்து கிடக்கும். பக்கத்துப் பக்கத்து எண்களில் தொடங்கிய இரு கோடுகள் கொஞ்ச தூரம் ஒட்டிக்கொண்டே போய், காந்தத்தை ஒருமுறை சுற்றியபின் ஒன்று வானத்துக்கும் ஒன்று தரைக்குமாகப் பிரியும். அந்தப் பட்டைக்குள் மட்டும், இரண்டு கோடுகளுக்கு நடுவே மூன்றாவது எப்படிப் போகும் என்று கண்ணால் ஊகித்துவிட முடியாது. ஒவ்வொன்றையும் தனித்தனியே கணக்கிட்டுத்தான் ஆகவேண்டும்.